மடிமேல் வைத்த பாதம்

புருஷன் பெண்டாட்டியின் காலைத் தொடலாமா, கூடாதா? உலகமே குண்டு போட்டு அடித்துக்கொண்டிருந்த காலத்தில், மலாக்காவை அடுத்த செங் பக்கத்தில், கித்தா என்று நாங்கள் சொல்கிற ரப்பர்த் தோட்டம் ஒன்றில், ஒரு தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து நானும் என் வீட்டுக்காரியும் இதற்காகத்தான் சண்டை போட்டோம். இப்போது சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கால் அழுகிக்கொண்டிருந்தது.

ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வந்தபோது நாங்கள் காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டின் பின்னறையில் குடியிருந்தோம். கல்யாணமாகி நாலு வருஷம். ஊருக்குள் ஒரு ராவுத்தர் துணிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுப்பது என் வேலை. காலையில் போனால் ராத்திரிதான் வருவேன். எங்கள் அறைக்கும் வீட்டுக்காரர் குடும்பத்துக்கும் நடுவே ஒரு பலகைதான். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் "என்ன, சளியா?" என்று கேட்பார்கள். அதனால் நாங்கள் கிசுகிசுவென்று பேசப் பழகினோம். பிறகு அதையும் விட்டுவிட்டோம். நான் முன்கோபி, அவள் அழுத்தக்காரி. பேசாமலிருக்க இரண்டு பேருக்குமே சௌகரியமாகத்தான் இருந்தது.

கடையைச் சூறையாடிவிட்டார்கள். முதலாளி எங்கோ ஒளித்து வைத்திருந்த நாலு கஜம் மல்துணியை என் கையில் திணித்து, "இதையாச்சும் கொண்டு போப்பா" என்றார். துணியில் கோடு போடுகிற நீலச் சாக்குக்கட்டி ஒன்று என் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. சிப்பாய்கள் வீடு வீடாக நுழைகிறார்கள், பெண்பிள்ளைகளை விட்டுவைப்பதில்லை என்று பேச்சு அடிபட்டது. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. சைக்கிளில் தார்ப்பாய், சட்டி, மண்வெட்டி, ஒரு பாராங்கு கத்தி எல்லாவற்றையும் கட்டினேன். பின்னால் அவளை உட்கார வைத்து மிதித்தேன்.

தோட்டத்தில் துரையும் இல்லை, கணக்கெழுதுகிற கிராணியும் இல்லை. பால் எடுக்க ஆளில்லாமல் கித்தா மரங்கள் சும்மா நின்றன. எங்களைப்போல ஊரைவிட்டு வந்தவர்கள் அங்கங்கே கூப்பிடு தூரத்தில் கொட்டகை போட்டிருந்தார்கள். நான் நாலு மரத்துக்கு நடுவே தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். கீழே கம்பு பரப்பி, அதன்மேல் கோணிச்சாக்கு. மூன்று கல்லில் அடுப்பு. கொசுவைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

இரண்டாவது வாரம் மரவள்ளி ஊன்ற மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தோம். அவள் ஓங்கிய மண்வெட்டி ஒரு வேரில் பட்டுத் துள்ளி, அவளுடைய இடது பாதத்தின் மேலேயே இறங்கியது. மெட்டி போட்ட விரலுக்குக் கொஞ்சம் மேலே. சத்தம் போட்டாளா? மாட்டாளே! முந்தானையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு மறுபடி மண்ணைக் கொத்த ஆரம்பித்துவிட்டாள். மண் சிவந்து கிடப்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரியும்.

"ஏ, என்ன இது!"

"ஒண்ணுமில்லீங்க. லேசாப் பட்டுருச்சு."

லேசாவா! ஆட்காட்டி விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. இங்கேதான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். நான் பால்வெட்டுக்காரர் மகன். தோட்டத்தில் கையில் கத்தி கீறினால், ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெஸரைத் தேடி யாரும் ஓடமாட்டார்கள். மரத்தைக் கீறி இரண்டு சொட்டுப் பாலை விட்டால், அது காய்ந்து தோல் மாதிரி மூடிக்கொள்ளும். ஈ உட்காராது, தூசி படாது, வேலையும் நிற்காது. நானும் சிரட்டை நிறையப் பால் பிடித்து வந்து அவள் காயத்தில் ஊற்றினேன். கழுவினேனா என்று கேட்காதீர்கள். வாய்க்கால் தண்ணீரை அள்ளித் தெளித்தேன், அவ்வளவுதான். பால் வெள்ளையாக உறைந்து, பிறகு பழுப்பாகி, காயம் இருந்த இடமே தெரியாமல் மூடிவிட்டது. "பாத்தியா? ஆஸ்பத்திரியில இதவிட என்ன செய்வான்?" என்று அவளிடம் பெருமையடித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

மூன்றாம் நாள் பாதம் வீங்கியது. நாலாம் நாள் வீச்சம். அவள் உடம்பு அனலாகக் கொதித்தது. விரல் வீங்கி மெட்டி சதைக்குள் புதைந்துபோயிருந்தது.

அந்தப் பக்கம் ஒரு டிரெஸர் வந்து போவார். ஏதோ ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர். குடும்பத்தைப் புக்கிட் ரம்பாயில் மைத்துனர் வீட்டில் விட்டுவிட்டு, காட்டோரம் கிடக்கிற சனங்களைப் பார்க்க நடந்தே அலைவார். கையில் மருந்து கிடையாது, வாயில் திட்டு மட்டும் நிறைய இருந்தது. குனிந்து அவள் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரு பால் ஊத்துனது?"

"நான்தாங்கய்யா."

"நீ காயத்துக்கா மருந்து போட்ட? சீழுக்கு மூடி போட்டு வச்சிருக்கய்யா! சின்னக் கீறல்னா சரி. இவ்ளோ ஆழமான காயத்த மூடினா உள்ளுக்குள்ள பொங்காம என்ன செய்யும்?"

தேங்காய் எண்ணெய் தடவி, வெந்நீர் விட்டு, உறைந்த பாலை உரித்தார். அடியிலிருந்து வந்ததை நான் எழுதப்போவதில்லை. அவள் என் சட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

டிரெஸர் சொன்னது இவ்வளவுதான். தண்ணீரைக் கொதிக்க வைத்து உப்புப் போட்டு, ஆறவைத்து, காலையும் மாலையும் கழுவ வேண்டும். கட்டுகிற துணியையும் கொதிக்க வைக்க வேண்டும். கையைத் தேய்த்துக் கழுவாமல் கிட்டே போகக் கூடாது. காலை உயரத்தில் வைக்க வேண்டும். காயத்தின் வாயைத் திறந்தே வைக்க வேண்டும். உள்ளேயிருந்து சதை வளர்ந்து அதுவாக மேலே வரும், அவசரப்பட்டு மேலேயிருந்து மூடக் கூடாது. பிறகு கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்த சிவப்பை விரலால் காட்டினார்.

"இது எங்க நிக்கிதோ அங்க ஒரு கோடு போடு. நாளைக்கு அதத் தாண்டிச்சான்னு பாரு. எறங்கிச்சுன்னா பொழச்சுக்கிட்டா. முட்டிக்கு ஏறிச்சுன்னா எங்கிட்ட ஒண்ணும் இல்ல தம்பி. காலு போயிரும். காலோட நின்னா பாக்கியம்னு வச்சுக்க."

"நீங்களே தெனம் வந்து கழுவிவிட முடியாதாங்கய்யா?"

"எனக்கு நாப்பது கொட்டாய் இருக்கு. ஒனக்கு ஒரு பொண்டாட்டிதான இருக்கா? நீதான் பாக்கணும்."

அவர் தலை மறைந்ததுமே சண்டை ஆரம்பித்தது. முதல் சண்டை மெட்டிக்காக. கழற்றாவிட்டால் விரலே செத்துப்போகும் என்று டிரெஸர் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் காலை இழுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"நீங்க உசுரோட இருக்கும்போது மெட்டியக் கழட்டச் சொல்றீங்களே! வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"உசுரோட இருக்கிறவன்தான்டி சொல்றேன்! செத்தவனா வந்து சொல்றான்?"

கத்திய கத்தில் பக்கத்துக் கொட்டகை நாய் குரைத்தது. கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். கழற்றுகிற மெட்டியை நான் என் கையாலேயே அவள் தாலிக்கயிற்றில் கோத்துவிட வேண்டும். சரி என்றேன். வாய் பிளந்த மெட்டிதான், ஆனால் முனைகள் சதைக்குள் இருந்தன. சைக்கிள் குறட்டால் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து எடுத்தேன். கயிற்றில் கோத்து முடிந்த பிறகுதான் அவள் கண்ணைத் திறந்தாள்.

இரண்டாவது சண்டை காலைத் தொடுவதற்காக. அவளே கழுவிக்கொள்வாளாம். குனிந்தாலே கண் இருட்டுகிறவள்! "பொம்பள காலு ஆம்பள மடியில படலாமா? பாவம் எனக்குத்தான் வரும்" என்றாள். "கல்யாணத்தன்னிக்கு அம்மிமேல தூக்கி வச்சேனே, அது யாரு காலு?" என்று கேட்டேன். "அது சாமி காரியம்." "இதுவும் சாமி காரியம்தான், காட்டு" என்று பலவந்தமாக இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் உடனே என் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றையிலிருந்து தினமும் இரண்டு வேளை இதே கதைதான். காலை மடியில் வைப்பாள், என்னைத் தொட்டுக் கும்பிடுவாள். "நான் என்ன பிள்ளையாரா? கொழுக்கட்டையும் சேத்து வையி" என்று எரிந்து விழுவேன். நிறுத்தமாட்டாள்.

என்னிடம் இருந்த நாலு கஜம் மல்துணி அப்போதுதான் உதவியது. கடையில் கிழித்த மாதிரியே நூல் பிடித்து நேராக, மூன்று விரல் அகலப் பட்டையாகக் கிழித்தேன். ஜாக்கெட் தைக்கலாமே என்று அவள் முகம் வாடியது. பால்டின்னில் துணியைக் கொதிக்க வைத்துப் பிழிந்து, வெயில் விழுகிற இடத்தில் சைக்கிளை நிறுத்தி, அதன் கைப்பிடியிலும் கம்பிகளிலும் காயப்போடுவேன். ஈ வராமல் தேங்காய் மட்டையைப் புகைய விடுவேன். மழை பெய்தால் தார்ப்பாயைச் சுற்றிக் கால்வாய் வெட்டுவேன். காலைக் கழுவி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து நீலச் சாக்குக்கட்டியை எடுத்து, சிவப்பு நிற்கிற இடத்தில் கோடு போடுவேன். கணுவிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் விரலால் அளந்து மனசில் வைத்துக்கொள்வேன்.

முதல் நாள் கணுவிலிருந்து நாலு விரல். அடுத்த நாள் ஆறு. மூன்றாம் நாள் எட்டு. நாலாம் நாள் காலையில் சரியாக ஒரு சாண். அன்றைக்கு உப்பும் தீர்ந்துபோனது.

உப்பு வேண்டுமென்றால் உஜோங் பாசிர்தான். அங்கே மீன்பிடிக்கிற சனங்கள் கடல்தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஊரைக் கடந்து போக வேண்டும். அவளைத் தனியாக விட்டுப் போக எனக்கு மனசே வரவில்லை. அவள் பாராங்கு கத்தியைத் தலைமாட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, "போய்ட்டு வாங்க. அப்படியே நம்ம ரூமுக்கும் போங்க. மோட்டு வளையில பின்னால சவுக்காரம் ஒளிச்சு வச்சிருக்கேன்" என்றாள்.

"எனக்குத் தெரியாமலா?"

"தெரிஞ்சா நீங்க தேச்சே தீத்துருப்பீங்களே."

மிச்சத் துணியை வயிற்றில் சுற்றி, மேலே சட்டை போட்டுக்கொண்டு போனேன். பாலத்தில் சிப்பாய் நின்றான். சைக்கிளைவிட்டு இறங்கிக் குனிந்தேன். நிமிரச் சொல்கிற வரைக்கும் குனிந்தே நின்றேன். சாமிக்குக்கூட நான் அவ்வளவு நேரம் குனிந்ததில்லை. அவன் தொப்பையைத் தட்டிப் பார்த்திருந்தால் துணியும் போயிருக்கும், நானும் போயிருப்பேன். எதுவோ சொல்லிக் கையை வீசினான். போய்விட்டேன்.

உஜோங் பாசிரில் ஓர் அம்மாள், பாதியாக வெட்டிய தகரப் பீப்பாயில் உப்புக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஒரு கஜம் துணி கொடுத்தேன், இரண்டு சிரட்டை உப்புத் தந்தாள். எதற்கு இவ்வளவு அவசரம் என்று மலாயில் கேட்டாள். பெண்டாட்டியின் கால் என்றேன். சிவப்பு ஏறியிருந்த இடத்தை என் காலிலேயே தொட்டுக் காட்டினேன். இன்னொரு சிரட்டை அள்ளிக் கொட்டினாள். துணியை நீட்டினேன், கையாலேயே வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். திரும்புகிற வழியில் காஜா பேராங் அறைக்குள் நுழைந்து மோட்டு வளையில் கையை விட்டேன். காகிதத்தில் சுற்றி அரைக்கட்டி சவுக்காரம் இருந்தது. அந்தக் காலத்தில் அது தங்கத்துக்குச் சமானம். தனியாக நின்று சிரித்தேன்.

சாயங்காலம் வந்து சேர்ந்தேன். அவள் காலைக் கட்டைமேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது, ஆனால் சிரித்தாள்.

"பாருங்க, கோட்டத் தாண்டல. அப்படியே நிக்கிது."

குனிந்து பார்த்தேன். நிஜம்தான், சிவப்பு நீலக் கோட்டோடு நின்றிருந்தது. எனக்கு உயிர் வந்தது. பழக்க தோஷம், கணுவிலிருந்து கை வைத்து அளந்தேன். ஒரு சாணும் இரண்டு விரலும். மறுபடி அளந்தேன். ஒரு சாணும் இரண்டு விரலும்தான். பத்து வருஷம் துணி அளந்த கை இது. காலையில் மறந்து வைத்துவிட்டுப் போன சாக்குக்கட்டி அவள் பக்கத்திலேயே கிடந்தது. பழைய கோட்டை எச்சில் தொட்டு அழித்துவிட்டு, சிவப்பு ஏறின இடத்தில் அவளே புதுக் கோடு போட்டிருக்கிறாள்.

"ஏன்டி இப்படிச் செஞ்ச? யார ஏமாத்துற? ஒன் காலுடி அது!" என்று கத்தினேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தெனம் காலையில கோட்டப் பாத்துட்டு ஒங்க மூஞ்சி போற போக்கு எனக்குச் சகிக்கலைங்க. அவ்ளோ தூரம் அலைஞ்சுட்டு வர்றீங்க. இன்னைக்கு ஒரு ராத்திரியாச்சும் நிம்மதியாத் தூங்கட்டும்னு பாத்தேன்."

அடிபட்டது அவளுக்கு, அழுகுவது அவள் கால். அவள் கவலைப்பட்டது என் தூக்கத்துக்கு! எனக்குத் தாங்கவில்லை. அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் அப்பா செத்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை. பாலை ஊற்றினவன் நான்தான், இந்தக் கால் போனால் அதற்கு நான்தான் காரணம் என்று எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் என் தலையில் கையை வைத்தாள். "காலு நனையுது. டிரெஸர் ஈரம் படக் கூடாதுன்னாரு" என்றாள். டிரெஸர் அப்படிச் சொல்லவே இல்லை.

சவுக்காரம் போட்டுக் கையைத் தேய்த்தேன். புது உப்பில் தண்ணீர் காய்ச்சினேன். அதன்பிறகு காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை கழுவினேன். மறுநாள் சிவப்பு கோட்டிலேயே நின்றது. அளந்து பார்த்தேன், நிஜமாகவே நின்றிருந்தது. அதற்கு மறுநாளும் நின்றது. மூன்றாம் நாள் ஒரு விரல் இறங்கியிருந்தது. சாக்குக்கட்டியை ஆகாயத்தில் தூக்கிப் போட்டுப் பிடித்தேன். "பைத்தியம்" என்றாள்.

சிவப்பு இறங்கிவிட்டது, காயம் ஆற ஒன்றரை மாதம் ஆனது. டிரெஸர் சொன்ன மாதிரியே அடியிலிருந்து இளஞ்சிவப்பாகச் சதை ஏறிக்கொண்டு வந்தது. பாதம் என் மடியில் இருக்க, வலி தெரியாமலிருக்க அவள் பேசுவாள். சுவர் இல்லாத இடம், கேட்பதற்கும் ஆள் இல்லை. நாலு வருஷம் வாயே திறக்காதவள் என்னென்ன பேசினாள்! அவளுக்குச் சைக்கிள் ஓட்ட ஆசையாம். நான் குறட்டை விடுவதை வீட்டுக்காரர் பெண்டாட்டி நடித்துக் காட்டுவாளாம். கல்யாணத்தன்று நான் மெட்டியைப் பக்கத்து விரலில் மாட்டிவிட்டேனாம். யாரும் பார்ப்பதற்குள் இவளே சேலைக்குள் காலை இழுத்து மாற்றிப் போட்டுக்கொண்டாளாம்.

"நாலு வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னாக் கோவம் வருமே."

வந்திருக்கும்தான். இப்போது சிரிப்புத்தான் வந்தது.

கடைசியாக ஒரு காலையில் டிரெஸர் வந்து பாதத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே கட்டு வேணாம். நட" என்றார். என்னை எதுவும் திட்டவில்லை. அதுவே பெரிய பாராட்டு. அவர் போனதும் நான் அவள் தாலிக்கயிற்றைப் பார்த்தேன். மெட்டியைச் சரியான விரலில் நானே மாட்ட வேண்டும் என்று எத்தனையோ நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கையை நீட்டினேன். அவள் மெட்டியை அவிழ்த்து, திரும்பி உட்கார்ந்து தானே போட்டுக்கொண்டாள்.

"போதுங்க, இவ்ளோ நாளு தொட்டதே பெரிய பாவம்" என்று காலைச் சேலைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள்.

சரி, நல்லதுதானே? கால் பிழைத்தது, அதற்குமேல் என்ன வேண்டும்? இப்படிச் சொல்லிக்கொண்டு மண்ணைக் கொத்தப் போனேன். ஆனால் மறுநாள் காலையில் தண்ணீர் காய்ச்சி இறக்கின பிறகுதான் எதற்குக் காய்ச்சினோம் என்று முழித்தேன். அவளும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். காஜா பேராங் பின்னறையே கொட்டகைக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. எனக்குத் துக்கமாக இருந்தது. ஆறிப்போன புண்ணுக்காக ஒருத்தன் துக்கப்படுவானா? நான் பட்டேன்.

ஒரு வாரம் அப்படிப் போயிற்று. அன்றைக்கு அடுப்பில், பக்கத்துக் கொட்டகையில் கொடுத்த மரவள்ளி வெந்துகொண்டிருந்தது. நான் சைக்கிள் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து எதிரில் கோணிமேல் உட்கார்ந்தாள். பிறகு இடது காலை நீட்டி, அவளாகவே என் மடியில் வைத்தாள்.

"முள்ளு ஏறிருச்சு போல. பாருங்க."

கையைத் துடைத்துக்கொண்டு பாதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். தழும்பு இருந்தது, மெட்டி இருந்தது. முள் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன், அவள் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் என்னைத் தொட்டுக் கும்பிடவில்லை.

"எங்க? இங்கயா?"

"இல்ல, இன்னும் கொஞ்சம் தள்ளி."

தேடினேன். அடுப்பில் கிழங்கு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.